ரங்கூன் கண்ணாடி

செப்டம்பர் 8, ஞாயிறு

கால் வீக்கம் கொஞ்சம் பரவாயில்லை. மாதா பிறந்தநாள் பூசைக்குப் போனோம். கிழக்கு வாசல் வழியாகக் கோயிலுக்குள் நுழைந்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர் வியாகுல மாதா கோயில் ‘ட’ எழுத்தைப் போல இருக்கும். நிற்கிற கோடு வடக்குக் கை. அங்கே மேலத்தெரு உட்காரும். படுத்த கோடு கிழக்குக் கை, அங்கே கீழத்தெரு. இரண்டும் சேரும் மூலையில் பீடம். ஒரு கையில் இருப்பவர் கண்ணில் மற்றக் கையில் இருப்பவர் பட்டுவிடக் கூடாது என்றுதான் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இப்படிக் கட்டினார்கள். இப்போது அப்படியெல்லாம் கிடையாது, யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று வருகிற ஒவ்வொரு சாமியாரும் பிரசங்கத்தில் சொல்வார். மாறி உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை.

நான் மேலத்தெரு மதலைமுத்து மகள் ஜெசிந்தா. பங்குப் பேரவைக்கு அப்பாதான் தலைவர், அவர் வைத்ததுதான் சட்டம். கீழத்தெரு தனிஸ்லாஸைக் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்குப் போன நாளிலிருந்து அந்த வீட்டுக்கு நான் செத்தவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். என் தாய்வீடு சாத்திக் கிடக்கிறது. அதனால் மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறேன், அப்பா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். சென்னையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம் என்று தனிஸ் கேட்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் புரியாது. இந்த ஊரில் இந்த வயிற்றோடு நான் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிழக்குக் கையின் வாயை ஒரு தடித்த தூண் அடைத்து நிற்கிறது. உள்ளே உட்கார்ந்தால் பீடம் தெரியாது. சாமியாரின் குரல் வரும், சாம்பிராணி வரும். பார்க்க வேண்டுமானால் எதிர்ச்சுவரில் சாய்த்து மாட்டியிருக்கிற ஆளுயரக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் வடக்குக் கையிலிருந்து எனக்கு அதன் மரச்சட்டம் மட்டும்தான் தெரியும். கீழத்தெருக்காரர்கள் தலைவாரிக்கொள்ள மாட்டியது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

“அங்கிட்டுப் பாருத்தா. சாமி அதுல வருவாரு” என்றார் அத்தை சவரியாயி.

வந்தார். இடது கையால் ஆசீர்வதித்தார்.

செப்டம்பர் 10

அத்தை சிலுவை போடுவதை இன்று கவனித்தேன். நெற்றி, நெஞ்சு, பிறகு வலது தோள், கடைசியில் இடது தோள். தனிஸும் இப்படித்தான் தலைகீழாகப் போடுவான். அவசரக்காரன் என்று நினைத்திருந்தேன். தெரு முழுக்க இப்படித்தானாம். லத்தீன் பூசைக் காலத்தில் சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். அந்த முதுகைக் கண்ணாடியில் பார்த்துச் சிலுவை போடக் கற்றுக்கொண்டவர்கள், கண்ணாடி காட்டிய தோளை முதலில் தொட்டார்கள். அப்படியே பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

“கான்வென்டுல சிஸ்டரு தனிச வெரலு வீங்க அடிச்சிருக்காக. வீட்டுக்கு வந்து என்ன சொன்னான் தெரியுமா? ‘பாவம்மா, சிஸ்டருக்கு யாரோ மாத்திச் சொல்லிக் குடுத்துட்டாக’ன்னான்.”

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கண்ணாடி வந்த கதையையும் சொன்னார். தனிஸின் பூட்டன் ரங்கூனில் மர ஆலையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது கப்பலில் இந்தக் கண்ணாடியை வைக்கோல் சுற்றிக் கொண்டு வந்தார். சுவரில் மாட்ட வேண்டும் என்றபோது மேலத்தெரு கூடாது என்றது. ‘இது நான் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்ட நேர்ச்சை, வேணாம்னு நீங்களே மாதாகிட்டச் சொல்லிருங்க’ என்றாராம். நேர்ச்சைப் பொருளைத் திருப்பி அனுப்ப ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

இந்த வம்சத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். இன்று முழுக்க அந்த நினைப்பு இனித்துக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

வியாகுல மாதா திருநாள். பாட்டு வடக்குக் கையில் தொடங்கியது. அம்மாவின் குரல்தான் எப்போதும் பாட்டைத் தூக்கும். தூணைச் சுற்றிக்கொண்டு எங்கள் கைக்கும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மெழுகுவத்தி வைக்க முன்னால் போனபோது வடக்குக் கையை ஒரு பார்வை பார்த்தேன். அம்மா எப்போதும் நடுவில், விசிறிக்கு நேர் கீழே உட்காருபவர். அந்த இடத்துக்கு மேலத்தெருவில் போட்டியே உண்டு. இன்று கோடியில், தூணை ஒட்டிய பெஞ்சில் இருந்தார். காற்று எட்டாத மூலை அது. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். வயதாகிறது, விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எனக்கென்ன.

செப்டம்பர் 19

கஸ்பார் சாமி வீட்டுக்கு வந்தார். இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் சாமியார். யார் பேசினாலும் ஆமாம் என்பார், அதற்கு மாறாக வேறு யாராவது பேசினால் அதற்கும் ஆமாம் என்பார்.

ஜனவரியில் கோயிலுக்கு ஜூபிலி, ஆயர் வருகிறார். பழுது பார்க்க அனுமதி வாங்க, கோயிலை அளந்து வரைந்த வரைபடம் வேண்டுமாம். சென்னையில் கட்டட ஆபீசில் நான் செய்த வேலையே அதுதான். செய்து தருகிறேன் என்றேன். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

“ஜூபிலிக்கு முன்னாடி அந்தக் கண்ணாடிய எடுத்துரலாம்னு பேரவையில பேசுறாங்கம்மா. ஆயர் பாத்து இது எதுக்குன்னு கேட்டா, என்னன்னு சொல்றது? பதிலுக்கு பெரிய டிவி ஒண்ணு வச்சுருவாங்க. இன்னும் தெளிவாத் தெரியும்.”

“உள்ளதச் சொல்றதுல என்ன கஷ்டம் சாமி? கண்ணாடி இருக்கும்னா வரையுறேன்.”

“நீங்க வரைங்க. பாக்கலாம்.”

பெரிய மனிதர்கள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், பாக்கலாம் என்பார்கள். அது எனக்குத் தெரியாததா. ஆனாலும் வரையத்தான் போகிறேன். கண்ணாடியைப் படத்தில் கொண்டுவந்துவிட்டால், எடுப்பவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

செப்டம்பர் 24

டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அத்தை. “இழுத்துப் பிடிங்க அத்தை” என்றால் என்னையே இழுக்கிறார். வயிற்றுக்குக் குறுக்கே டேப் போனதும் “பேரப்பிள்ளையவும் சேத்து அளந்துறாத” என்கிறார். வடக்குக் கைக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்றே முனையை நீட்டினார். உள்ளே வாங்க என்றேன். “அளவுக்கு நான் எதுக்கு, டேப்பு வந்தாப் போதாதா” என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கண்டுபிடித்தது: கிழக்குக் கையின் தரை வடக்குக் கையை விட ஒரு படி தாழ்வு. எங்கள் வாசல் குறுகல். வடக்குக் கை ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி, எங்களுக்கு மரப்பலகை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது தூண். அதன் தலைக்கு மேலே சுண்ணாம்புக் காரை வெடித்து விழுந்திருக்கிறது. உள்ளே செங்கல் வளைந்து போகிறது. அது ஒரு வளைவு வாசல். அதன் பாதி அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்து போகிறது. அப்படியென்றால் அது தூணே இல்லை. கட்டிய வெள்ளைக்காரச் சாமியார் ஆட்களைப் பிரித்தாலும், பீடமாவது இரண்டு கைக்கும் தெரியட்டும் என்று வாசலை அகலமாகத்தான் திறந்து வைத்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அதையும் பொறுக்காமல் செங்கல்லால் அடைத்து, உருட்டி, பூசி, தூண் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலே இருக்கிற பாரத்தை அது தாங்கவில்லை. இடித்தால் ஒரு ஓடுகூட விழாது.

அத்தையிடம் சொன்னேன். உள்ளங்கையால் தூணைத் தடவிப் பார்த்தார்.

“அப்ப நாங்க இத்தன வருசமா ஒரு செவத்தச் சுத்தியா எட்டிப் பாத்தோம்?”

அக்டோபர் 3

படம் முடிந்தது. இருப்பதைக் கெட்டிக் கோட்டில் போட்டேன். அடைத்து மறைத்த வளைவைப் புள்ளிக் கோட்டில் போட்டு ‘பின்னால் அடைத்தது’ என்று எழுதினேன். கண்ணாடியைப் போட்டு ‘நேர்ச்சை’ என்று எழுதினேன்.

சாமியார் பங்களாவுக்குக் கொண்டுபோனேன். அங்கே அப்பா இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இப்போதுதான். மீசையில் கறுப்பே இல்லை. படத்தை மேசையில் விரித்தேன். அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“சாமி, இந்தப் புள்ளிக் கோடு எதுக்குன்னு கேளுங்க.”

நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன்.

“சாமி, அது முதல்ல இருந்த வளைவுன்னு சொல்லுங்க” என்றேன்.

“வளைவெல்லாம் இல்ல, தூணுதான்னு சொல்லுங்க சாமி. கண்ணாடியவும் எடுத்துட்டு வேற படம் போடச் சொல்லுங்க. ஜூபிலி மலர்ல நாங்க எழுதப்போறது, வியாகுல மாதா ரெண்டு கையவும் விரிச்சு எல்லாரையும் அணைக்கிற மாதிரிக் கட்டின கோயிலுன்னு.”

“அணைக்கிற கையி ஒண்ணு ஏன் ஒரு படி எறக்கமா இருக்குன்னு கேளுங்க சாமி.”

கஸ்பார் சாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்து வலித்திருக்கும். கடைசியில் என்னிடம், “ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருக்கீங்களேம்மா, உக்காருங்க” என்றார்.

“இது என் கையெழுத்துப் போட்ட படம். ஒரு கோடு மாறாது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசல் தாண்டிய பிறகு வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது. அது யார் பக்கம் என்று இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 9

வடக்குக் கை ஜன்னல் அளவில் ஒரு சந்தேகம், திரும்பப் போனேன். பகலில் கோயிலில் யாரும் இல்லை. அளக்கத் தொடங்குவதற்குள் மூச்சு வாங்கியது. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். தூணோரப் பெஞ்சு.

தலையை நிமிர்த்தினால் கண்ணாடி. நடுவிலிருந்து பார்த்தால் சட்டம் மட்டும் தெரிகிற அதே கண்ணாடியில், இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் கிழக்குக் கையின் ஓரம் தெரிகிறது. ஒரே ஒரு பெஞ்சு. அதன்மேல் என் பச்சைக் குடை இருந்தது. வரும்போது என் இடத்தில் வைத்துவிட்டு வந்தது.

தனிஸ் என்னை முதலில் பூசையில்தான் பார்த்தேன் என்பான். கிழக்குக் கையிலிருந்து வடக்குக் கை தெரியாதே, பொய் சொல்கிறான் என்று இத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அவன் சொன்னது உண்மை.

சாயங்காலம் அவனுக்குப் போன் செய்து சொன்னேன். சிரித்தான். ஜன்னலை அளக்காமலே வந்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மாம்பழ மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு போனேன். கல்லூரி முடித்தபோது அம்மா எடுத்துக் கொடுத்தது; அதே நிறத்தில் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். என் இடத்தை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று சீக்கிரமே போய்விட்டோம். முதுகு வலிக்கு இதமாக இருக்கும் என்று கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். வயிறு நன்றாகத் தெரிந்திருக்கும்.

வடக்குக் கையில் பாட்டு ஒரு இடத்தில் தடுமாறி, பிறகு எடுத்துக்கொண்டது.

சிலுவை போடும்போது வலது தோளை முதலில் தொட்டேன். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். அத்தை பார்த்துவிட்டு என் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினார்.

அக்டோபர் 24

இன்று சண்டை. இதை மட்டும் ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்று மணிக்கு ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். கண்ணாடியை இறக்கச் சொல்லியிருக்கிறார் பேரவைத் தலைவர். சேதி கிடைத்ததும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, “ஜெபமாலைய எடு” என்றார். அக்டோபர் ஜெபமாலை மாதம். தினமும் சாயங்காலம் கோயிலில் சொல்வதுதான். இன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கினோம், கண்ணாடிக்கு நேர் கீழே, தரையில். நூறு நாள் வேலையிலிருந்து வந்த பெண்கள் மண்வெட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி.

ஏணிக்காரர்கள் முடியட்டும் என்று நின்றார்கள். முடிந்தது. அத்தை, “இது மழைக்காக” என்று அடுத்ததைத் தொடங்கினார். பிறகு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக. பிறகு உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக. அப்பா வந்து வாசலில் நின்றார். நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தார். ஜெபமாலையை நிறுத்தச் சொல்ல எந்த வேதக்காரனுக்கு நாக்கு வரும்? அவரே தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியதாயிற்று. “இது நம்ம பேரவைத் தலைவர் நல்லா இருக்கணும்னு” என்று அத்தை இன்னொன்று தொடங்கியதும் ஏணிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஏணி திரும்பிப் போனது.

எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்து பல நாள் ஆயிற்று.

நவம்பர் 10, ஞாயிறு

மழை. கோயில் ஒழுகுகிறது, இரண்டு கையும் ஒரே மாதிரி. தூணோரப் பெஞ்சுக்கு மேலேதான் அதிகம். அங்கே குடை பிடித்துக்கொண்டு ஒருவர் பூசை பார்த்தார்.

நவம்பர் 28

பெண். தாலுகா ஆஸ்பத்திரி. சுகப்பிரசவம். தனிஸ் வந்து, பார்த்து, அழுது, நர்சிடம் திட்டு வாங்கினான்.

டிசம்பர் 6

தனிஸ் லீவு முடிந்து போய்விட்டான். யாரோ ஒரு டப்பாவில் பிரசவ மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். சுக்கு, திப்பிலி, கருப்பட்டி. யார் கொடுத்தது என்று கேட்டேன்.

“யாரு குடுத்தா ஒனக்கென்ன. தின்னுட்டுத் தூங்கு” என்றார் அத்தை.

கருப்பட்டியைக் கொஞ்சம் தீயவிட்டுக் கிண்டுவது ஒரே ஒருவர்தான். டப்பா முழுவதையும் நான் ஒருத்தியே தின்று முடித்தேன்.

டிசம்பர் 25

நாற்பது நாள் ஆகாமல் கோயிலுக்குப் போகக் கூடாது என்று அத்தை தடுத்துவிட்டார். மணிச் சத்தம் கேட்டதோடு கிறிஸ்துமஸ் முடிந்தது. பாப்பா தும்மினாள்.

ஜனவரி 8

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்ததுதான் தப்பு. ஜூபிலிக்கு வெள்ளையடிக்கிறார்கள். எல்லாச் சுரூபத்தையும் இறக்கினார்கள், படங்களை இறக்கினார்கள், கூடவே கண்ணாடியையும் இறக்கினார்கள். கோயிலுக்கு வெள்ளையடிப்பதை யார் தடுக்க முடியும்? சுரூபங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. கண்ணாடி பங்களாவில் பூட்டிய அறையில் இருக்கிறது. அது இருந்த இடம் சுவரில் தெரியாத அளவுக்கு இரண்டு பூச்சு அடித்திருக்கிறார்கள். கிழக்குக் கையில் பெரிய டிவி வந்துவிட்டது.

தெருவில் இரண்டு பேர் நல்லதுதான் என்கிறார்கள். கழுத்து வலிக்காமல் பார்க்கலாமாம். அவர்களிடம் கத்தினேன். டிவியில் சாமியார் தெரிவார். டிவி வழியாக நம்மை யாருக்குத் தெரியும்? கண்ணாடியில் நாம் எட்டிப் பார்த்தால் அங்கே இருப்பவர்களுக்கும் நாம் தெரிந்தோம். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

கத்திவிட்டு வந்து அழுதேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை முதன்முதலாகக் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். என் இடத்தில், ஓரமாக, அவளை நன்றாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று எத்தனை நாளாக நினைத்து வைத்திருந்தேன். தூணோரப் பெஞ்சிலிருந்து இனி வெள்ளைச் சுவர்தான் தெரியும். அம்மா பிள்ளையைப் பார்க்க மாட்டார். இதை எழுதாமல் இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பாப்பாவுக்கு வெள்ளைச் சட்டை, நெற்றியோரம் மை. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே வெறும் சுவர், புதுச் சுண்ணாம்பு வாடை. டிவியில் சாமியார் சரியாக வலது கையால் ஆசீர்வதித்தார். கீழத்தெரு வழக்கம்போல வலது தோளில் தொடங்கியது.

காணிக்கைப் பாட்டை அம்மா எடுத்தார். முதல் அடி முடிந்து இரண்டாவது அடியில் பாட்டு படக்கென்று அறுந்தது. தூக்குகிற குரல் இல்லாமல் வடக்குக் கை முனகியது.

டிவியில் பீடமும் அதற்கு முன்னால் வெறும் தரையும் தெரிந்தன. அந்தத் தரையில் ஒரு ஓரத்திலிருந்து மாம்பழ மஞ்சள் சேலை ஒன்று வந்தது. காணிக்கை கொண்டுபோகிறவர் என்று நினைத்தேன். கையில் ஒன்றும் இல்லை. பீடத்துக்கு நேராக நின்று, முழங்கால் மடக்கி வணங்கி, எழுந்து, மறு ஓரமாக நடந்து டிவியை விட்டு வெளியே போனார். கஸ்பார் சாமி வாய் பார்த்துக்கொண்டு நின்றது நன்றாகத் தெரிந்தது. டிவியால் அந்த ஒரு நன்மை உண்டு.

தூணைச் சுற்றிக்கொண்டு அம்மா வந்தார். ஒரு படி இறக்கம் இருப்பது தெரியாமல் கால் தடுக்கியது. அத்தை எழுந்து கையைப் பிடித்தார்.

“பாத்து வாங்க சம்மந்தி. எங்க பக்கம் கொஞ்சம் எறக்கம்.”

“தள்ளி உக்காரு” என்றார் அம்மா என்னிடம். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. தள்ளி உட்கார்ந்தேன். கை நீட்டினார், பாப்பாவைக் கொடுத்தேன். நெற்றியை முகர்ந்து பார்த்தார். கழுத்தைத் திருப்பி, காதைப் பார்த்து, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“அப்பா என்னம்மா சொல்லுவாரு?”

“அங்கேருந்து செவருதான் தெரியுது. செவத்தப் பாக்கவா நான் கோயிலுக்கு வாறேன்?”

பிறகு விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார், இந்தக் கையிலிருந்து. எங்கள் பெஞ்சு சேர்ந்துகொண்டது, பின் பெஞ்சு சேர்ந்துகொண்டது. வடக்குக் கைக்கு வேறு வழியில்லை, பின்னால் வந்தது. நானும் பாடினேன். அழுதுகொண்டே பாடினால் சுருதி நிற்காது, நிற்கவில்லை.

கடைசி ஆசீரின்போது அம்மா சிலுவை போடக் கையைத் தூக்கியவர், சுற்றிலும் எல்லோரும் வலது தோளைத் தொடுவதைப் பார்த்துவிட்டு நெஞ்சிலேயே கையை நிறுத்திவிட்டார்.

“எந்தத் தோளுல தொட்டாலும் மாதா கோவிச்சுக்க மாட்டா. சும்மா போடுங்க சம்மந்தி” என்றார் அத்தை.

பூசை முடிந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. டிவியையே உற்றுப் பார்த்தார்.

“இந்தப் பொட்டியில ஒங்கப்பா தெரியலையே?”

“பீடம் மட்டுந்தாம்மா தெரியும்.”

“கண்ணாடிய எப்ப மாட்டுவாக?”

“ஜூபிலி முடிஞ்சு பாக்கலாம்னு சொல்றாக.”

“பாக்கலாமா? நாளைக்கே மாட்டச் சொல்லு. வாரா வாரம் நான் இங்கனதான் உக்காரப்போறேன். அங்க உக்காந்துருக்க ஒங்கப்பா மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பாக்க வேணாமா?”

ஜனவரி 13

கஸ்பார் சாமி அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டார். பாவம், அவரால் முடிந்த தைரியம் அவ்வளவுதான். எட்டுப் பெண்கள் சேர்ந்து தூக்கினோம். ஒரு முனையில் அத்தை, மறுமுனையில் அம்மா. இழுத்துப் பிடி, இறக்கிப் பிடி என்று வழியெல்லாம் சண்டை.

மாட்டியாயிற்று. எந்தச் சாய்வில் வைப்பது என்று என்னைத்தான் கேட்டார்கள். இரண்டு கைக்கும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னேன். பீடம் தெரிகிற அளவுக்குக் கொஞ்சம், அப்பாவின் பெஞ்சு தெரிகிற அளவுக்குக் கொஞ்சம்.